திறன் கைமணிக்கூடும் தேயும் மின்கலமும்: மதுரங்குளிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

புதிய சாதனமொன்று மக்கள் வாழ்வில் நுழையும்போது அதன் பயன் விரைவில் உணரப்படுகின்றது. அதன் இயல்போ பெரும்பாலும் அறியப்படாமலே போகின்றது. சிமாட் வாட்ச் எனப் பேச்சில் வழங்கும் திறன் கைமணிக்கூடு இதற்குத் தக்க சான்றாகும். ஓரிரு ஆண்டுகள் கழிந்ததும், காலையில் முழுமையாக மின்னேற்றப்பட்ட மணிக்கூடு மாலைக்கு முன்பே ஓய்ந்துவிடுகின்றது. "பற்றரி போய்விட்டது" என்ற ஒரே வார்த்தையில் அதன் கதை முடிக்கப்படுகின்றது. இத்தேய்வில் இயற்கை விதியின் பங்கு எவ்வளவு, மனிதர் வகுத்த ஏற்பாட்டின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மின்கலத்தின் அமைப்பு

இம்மணிக்கூடுகளில் உள்ளது இலிதியம் அயன் மின்கலமாகும். 1991 இல் சோனி நிறுவனம் இதனை முதன்முதலாகச் சந்தைக்குக் கொணர்ந்தது. இதற்கு அடிகோலிய குடினஃப், விற்றிங்காம், யோசினோ ஆகிய மூவரும் 2019 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மின்கலத்தின் ஒரு மின்வாய் கோபாற்று போன்ற உலோகத்தின் ஒட்சைட்டினால் ஆனது. மற்றையது காரீயம் எனப்படும் பென்சிற்கரியால் ஆனது. இரண்டிற்கும் இடையே இலிதியம் உப்புக் கரைந்த சேதனத் திரவம் மின்பகுபொருளாக நிற்கின்றது. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் ஒட்சைட்டை விட்டுப் பென்சிற்கரியின் படைகளுக்கிடையே சென்று தங்குகின்றன. மணிக்கூடு இயங்கும்போது அவை திரும்புகின்றன. இவ்வாறு போய்வரக்கூடிய இலிதியத்தின் அளவே மின்கலத்தின் கொள்ளளவை நிர்ணயிக்கின்றது.

2. தேய்வின் காரணங்கள்

முதன்முறை மின்னேற்றும்போதே மின்பகுபொருளின் ஒரு பகுதி சிதைந்து, பென்சிற்கரியின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றது. இப்படலம் மேலும் சிதைவு நேராது காக்கும் கவசமாகும். அஃதின்றி மின்கலம் நிலைக்காது. ஆயின் அதன் வளர்ச்சி முற்றாக நிற்பதில்லை. படலத்தில் அகப்பட்ட இலிதியம் மீண்டும் பயணத்திற்கு வருவதில்லை. மேலும், இலிதியத்தை ஏற்கும் பென்சிற்கரி பருமனில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு விரிகின்றது. விரிந்து சுருங்குகையில் படலம் வெடிக்க, வெடிப்பில் புதுப்படலம் தோன்றி மேலும் இலிதியத்தை விழுங்குகின்றது. ஒட்சைட்டுத் துணிக்கைகளும் காலப்போக்கில் வெடிப்புறுகின்றன. உட்தடை உயர்கின்றது. திரையில் மின்னேற்றம் சிறிது எஞ்சியிருப்பதாகத் தோன்றும்போதே பழைய மணிக்கூடு திடீரென அணைவது இவ்வுட்தடையின் விளைவே.

கைப்பேசியின் மின்கலம் 4000 மில்லி அம்பியர் மணிக்கு மேற்பட்டதாயிருக்க, மணிக்கூட்டினது பெரும்பாலும் சில நூறே. ஆகவே பலவகை மணிக்கூடுகளை நாள்தோறும் மின்னேற்ற வேண்டியுள்ளது. அப்பிள் நிறுவனம் தன் மணிக்கூட்டின் மின்கலம் 1000 முழுச் சுழற்சிகளின் பின் 80 சதவீதக் கொள்ளளவைப் பேணுமாறு வடிவமைக்கப்பட்டதெனக் கூறுகின்றது. நாளுக்கொரு முழுச் சுழற்சி எனக் கொண்டால் இது மூன்றாண்டிற்கும் குறைவாகும்.

3. வெப்பமும் மதுரங்குளியும்

பயன்படுத்தாது வைத்த மின்கலமும் முதுமையடைகின்றது. பரவலாக எடுத்தாளப்படும் கணிப்பொன்றின்படி, முழு மின்னேற்றத்துடன் 25 பாகை செல்சியசில் ஓராண்டு வைத்த இலிதியம் மின்கலத்தில் ஏறத்தாழ 80 சதவீதக் கொள்ளளவு எஞ்சும். 40 பாகையில் 65 சதவீதமே எஞ்சும். நாற்பது சதவீத மின்னேற்றத்துடன் வைத்தாலோ முறையே 96 உம் 85 உம் எஞ்சும். வெப்பமும் நிறைமின்னேற்றமும் கூடும்போதே சேதம் மிகுகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

மதுரங்குளி புத்தளம் மாவட்டத்தின் உலர்ந்த கரையோரத்தைச் சேர்ந்தது. உப்பளங்களில் நீரை வற்றச்செய்யும் அதே வெயில்தான், இறால் பண்ணையிலும் தென்னந்தோப்பிலும் உழைப்போரின் மணிக்கட்டிலுள்ள மின்கலத்தையும் முதுமையடையச் செய்கின்றது. குளிர்நாட்டு நுகர்வோருக்குக் கிட்டும் ஆயுள் இங்கு உழைப்போருக்குக் கிட்டாமற்போவது வியப்பன்று. தொடுகையில் காந்தத் தூண்டலால் மின்னேற்றும்போது மின்கலம் மேலும் சூடேறுகின்றது. ஆகவே தகரக் கூரையின் கீழ் நண்பகலில் மின்னேற்றுவதைத் தவிர்த்து, குளிர்ந்த வேளையில் மின்னேற்றுதல், எண்பது சதவீதமளவில் நிறுத்துதல், முற்றாக வடியவிடாதிருத்தல், நெடுநாள் வைப்பதாயின் பாதி மின்னேற்றத்துடன் வைத்தல் ஆகியன ஆயுளை நீட்டிக்கும்.

4. இயற்கையும் ஏற்பாடும்

மின்கலம் தேய்வது இரசாயன விதி. மின்கலத்தோடு மணிக்கூடும் மடிவது விதியன்று. திரை, உணரி, சுற்று யாவும் நலமாயிருக்க, பசையால் இறுக ஒட்டப்பட்ட உறையைத் திறக்க வழியின்மையே அதனைக் குப்பையாக்குகின்றது. நீர்புகாமைக்கு இவ்வமைப்பு துணைபுரிகின்றது என்பது உண்மையே. எனினும் அது மட்டுமே காரணமெனல் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய மின்கல ஒழுங்குவிதி, 2027 பெப்ரவரி 18 முதல் கையடக்கச் சாதனங்களின் மின்கலங்களைப் பயனரே கழற்றி மாற்றக்கூடியதாயிருக்க வேண்டுமென விதிக்கின்றது. பெரும்பாலும் நீர்படும் சூழலில் இயங்குவனவற்றிற்குச் சில விலக்குகள் உள. சட்டம் வற்புறுத்தினால் வடிவமைப்பு மாறக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டிற்கு இவ்வினா இருமடங்கு பொருளுடையது. புத்தளத்தை அடுத்த குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும், கேகாலை மாவட்டத்துப் போகலவிலும் தோண்டப்படும் நரம்புவகைப் பென்சிற்கரி, தூய்மைக்கு உலகப் புகழ்பெற்றது. கரியை ஏற்றுமதி செய்து, அதே கரிவகை பொதிந்த சாதனத்தைப் பன்மடங்கு விலைக்கு வாங்கி, ஈற்றில் அதன் கழிவையும் நாமே சுமக்கின்றோம். கொழும்பின் குப்பைக்கெனப் புத்தளத்து அறுவாக்காடு தெரிந்தெடுக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பை இம்மாவட்டத்தார் மறந்திரார். மணிக்கூட்டு மின்கலமும் பொதுக் குப்பையில் சேரத்தக்கதன்று. நசுங்கினால் தீப்பற்றவும் கூடும்.

தேய்வைத் தாமதப்படுத்துதல் தனிமனிதர் கையில் உள்ளது. தேய்ந்ததை மாற்றும் உரிமையோ சமூகம் கேட்டுப் பெறவேண்டியதாகும்.