மலை ஏறும் சிமெண்ட்

வத்தல்மலைக்கு வீடு ஏறுகிறது, தோழர்களே! எழுகிறது என்றல்ல, ஏறுகிறது என்றே சொல்கிறோம். சிமெண்ட் கீழேயிருந்து வரவேண்டும். கம்பி கீழேயிருந்து வரவேண்டும். செங்கல்லும் அப்படியே. 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி, 3,000 அடிக்கு மேலே லாரி முனகிக்கொண்டு ஏறும்போது வாடகையும் ஏறுகிறது. பெரியூரிலும் பால்சிலம்பிலும் சாமையும் கேழ்வரகும் விதைத்து, காப்பியும் மிளகும் பறிக்கும் மலையாளிப் பழங்குடி உழவனின் தலையில் கடனும் ஏறாதா? (மலையாளி என்றதும் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். நம் மலைகளில் வாழும் தமிழ் பேசும் மக்கள் அவர்கள்.)

2024-இல் தமிழக அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. 2030-க்குள் குடிசையில்லாத தமிழகம் காண்பது குறிக்கோள். வரவேற்கிறோம், வாயார வரவேற்கிறோம்!

ஏனெனில், குடிசையின் அழகைக் கொஞ்சிப் பேசும் கூட்டம் ஒன்று உண்டு. குளிரூட்டிய அறையில் சாய்ந்துகொண்டு, "ஆகா, ஓலைக்கூரை! ஆகா, இயற்கை வாழ்வு!" என்று உருகுவார்கள். ஒழுகும் கூரையின் கீழ் ஓர் இரவு படுத்தால் தெரியும் அந்த இயற்கையின் இனிமை! ஏழை என்றென்றும் ஓலைக்கடியில் கிடக்கட்டும் என்பவர்களோடு நமக்கு உறவில்லை.

ஆனால், ஓலையை விட்டு ஓடியவன் எதற்குள் நுழைகிறான்? நான்கு அங்குலக் கான்கிரீட் தட்டு பகலெல்லாம் வெயிலைக் குடிக்கிறது, இரவெல்லாம் அதை வீட்டுக்குள்ளே உமிழ்கிறது. மார்கழியிலோ நிலைமை தலைகீழ். மலைக்குளிர் அந்தத் தட்டின் வழியே தடையின்றி இறங்குகிறது. தடித்த மண்சுவர் தந்த பாதுகாப்பை மெல்லிய சுவர் தருவதில்லை. விறகடுப்புக்குப் புகைபோக்கியும் எதிரெதிரே சன்னலும் இல்லையென்றால், பெட்டிபோன்ற வீடு புகைக்கூண்டாகிவிடும். வீட்டுக்குள் எழும் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்போர்கள் விழுங்கும் உயிர்களுக்கு ஒப்பான எண்ணிக்கை!

சிமெண்டுக்கு உலகமும் விலை கொடுக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுத்த பொருள் அது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு பங்கு சிமெண்டின் கணக்கில் எழுதப்படுகிறது. அந்தப் பாவத்தை வத்தல்மலைக்காரன் தலையில் கட்ட வரவில்லை நாம். மாளிகை கட்டுவோர் முதலில் கணக்குக் காட்டட்டும்! குறைந்த சிமெண்டில் நிறைந்த வீடு கிடைக்குமானால் அவனுக்கு ஏன் மறுக்கவேண்டும் என்பதே நம் கேள்வி.

கிடைக்கும். 1945-இல் தொழுநோயாளர் மருத்துவமனைகள் கட்ட இந்தியா வந்த ஆங்கிலேயர் லாரி பேக்கர், இமயத்தின் பித்தோராகர் மலையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, மலைமக்கள் வீடு கட்டும் வகையைக் கண்டு பாடம் கற்றார். பிறகு திருவனந்தபுரம் வந்து கட்டிக் காட்டினார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவே காற்றுக்கு இடம்விட்டுச் சுவர் எழுப்பினார். கல்லில் நான்கில் ஒரு பங்கு மிச்சம், வெப்பமும் எளிதில் உட்புகாது. கூரைத் தட்டின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு, கம்பியைப் பற்றிக்கொண்டிருப்பதுதான். அவ்விடத்தில் பழைய ஓடுகளைப் பதித்தார். அதுவும் கான்கிரீட் கூரைதான். திட்டத்தின் விதிக்கு அது எங்கே மாறுபடுகிறது?

சுவருக்கு மண் இருக்கிறது. வெறும் மண் அல்ல. சோதித்துத் தேர்ந்த மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையின்றி ஈரத்தில் பதப்படுத்திய கல். விறகு எரிய வேண்டாம், மரம் விழ வேண்டாம். எல்லா மண்ணும் இதற்கு உதவாது, உண்மை. அதனால்தான் சோதனை. இத்தகைய கல்லுக்கென்றே ஐ.எஸ். 1725 என்னும் இந்தியத் தரநிலை இருக்கிறது. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் இதற்காக 'ஆராம் 3000' என்ற கைவிசை இயந்திரத்தையே உருவாக்கியிருக்கிறது. இதே தருமபுரி மாவட்டத்தில், இதே மலையாளி மக்கள் வாழும் சித்திலிங்கியில், 'துளிர்' கல்வி மையத்தின் கட்டடங்கள் மண்ணால் எழுந்தன.

பின் தடை எது? அறிவியல் அல்ல, அவமானம்! "மண் வீடா? எனக்கு மட்டும் ஏன் மண்?" என்று மலைவாசி கேட்பான். கேட்கவேண்டிய கேள்வி! தலைமுறை தலைமுறையாக மண்ணை ஏழையின் அடையாளமாக்கிவிட்டு, இன்று அவனிடம் போய் மண்ணின் மாண்பைப் பேசினால், மறுபடி ஏமாற்ற வந்தார்கள் என்றுதானே நினைப்பான்?

ஆகவே, அவனிடம் தொடங்காதீர்கள். திருவனந்தபுரத்தில் பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் தம்முடைய வளர்ச்சி ஆய்வு மையத்தையே பேக்கரிடம் கட்டக் கொடுத்தார். பூச்சில்லாத செங்கற்சுவருக்குள் அறிஞர் அமர்ந்தனர். அறிவு குறைந்துவிடவில்லை! அதுபோல வத்தல்மலையில் அடுத்து எழும் அதிகாரி குடியிருப்பு மண்கல்லில் எழட்டும். அடுத்து எழும் பள்ளிக்கூடம் எழட்டும். அச்சு இயந்திரம் ஒன்று மலை ஏறட்டும். சின்னாங்காட்டு இளைஞர்கள் கல் அறுத்துக் கூலி பெறட்டும். லாரி வாடகையாகக் கீழே இறங்கும் பணம் மலையிலேயே தங்கட்டும். திட்டத்தின் அனுமதிப் பட்டியலில் மண்கல்லும் ஓடு பதித்த கூரையும் தெளிவான எழுத்தில் இடம்பெறட்டும். பொறியாளர் ஒருவரை மேலே அனுப்பி, மண்ணைச் சோதிக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்குமாறு ஊரக வளர்ச்சித் துறையைக் கேட்கிறோம்.