நாயின் நடையில் தெரியும் மூளை

பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், லயத்து வாசலில் ஒரு நாய் தலையைச் சாய்த்தபடி ஒரே பக்கமாகச் சுற்றத் தொடங்கினால், பார்ப்பவர் வாயில் முதலில் வரும் சொல் 'விசர்' என்பதாகவே இருக்கும்; கால்நடை மருத்துவரோ, என்ன நோய் என்று கேட்பதற்கு முன், மூளையின் எந்த இடம் பழுதுபட்டது என்றே அந்த நடையிடம் கேட்கிறார்.

கட்டியோ அழற்சியோ குருதி அடைப்போ, மூளைத் திசுவில் உண்டாகும் சிதைவு தன் காரணத்தைக் காட்டிலும் தன் இருப்பிடத்தையே வெளியில் காட்டுகிறது. பெருமூளையின் ஒரு பாதி சிதைந்த நாய் பெரும்பாலும் சிதைவுள்ள பக்கமாகவே வட்டமிடும், சுவரில் நெற்றியை அழுத்தி நிற்கும், வலிப்பும் காணும். ஆயினும் நரம்புப் பாதைகள் நடுவே பக்கம் மாறிச் செல்வதால், பார்வையும் பாதத்தின் நிலையுணர்வும் குன்றுவது எதிர்ப்பக்கத்தில். சிறுமூளை பழுதுபட்டால் வலிமை குறைவதில்லை, அளவுதான் தவறுகிறது: இல்லாத படியில் ஏறுவதுபோல் காலைத் தூக்கிவைக்கும் நாய்க்கு, சோற்றுத் தட்டை நெருங்க நெருங்கத் தலை நடுங்கும். தலைச்சாய்வு உட்காதின் சமநிலை உறுப்பாலும் வரும், மூளைத்தண்டாலும் வரும். கண்மணிகள் மேலும் கீழுமாகத் துடித்தால் மூளைத்தண்டின் மீது ஐயம் வலுக்கும். முதிய நாய்களுக்குத் திடீரெனக் காணும் உட்காதுச் சாய்வு, அச்சமூட்டினாலும், பல வேளைகளில் சில வாரங்களில் தானாகவே தணியும். விசரென்று அடித்துக் கொல்லப்பட்டவற்றுள் இத்தகைய நாய்களும் இருந்திருக்கக்கூடும்.

தடுப்பூசி பெறாத குட்டிகளைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ், சளியும் கழிச்சலும் அடங்கிய பின்னரும் மூளையில் தங்கி, உறக்கத்திலும் ஓயாத தசைத் துடிப்பாகவும், எதையோ மெல்வது போன்ற தாடை வலிப்பாகவும் வெளிப்படுவதுண்டு.

விசர் என்று அஞ்சப்படும் ரேபிஸ் எனும் நீர்வெறுப்பு நோயிலோ, அறிகுறியைக் கொண்டு இடமறியும் இந்தக் கணக்கு பொய்க்கிறது. கடிவாயிலிருந்து நரம்பு வழியே ஏறும் வைரஸ் மூளை எங்கும் பரவிவிடுகிறது. பாய்ந்து கடிக்கும் வடிவத்தை எவரும் அறிவர். ஏமாற்றுவது ஊமை வடிவமே. தாடை தொங்கி, எச்சில் வழிய, விழுங்க முடியாமல் ஒதுங்கிக் கிடக்கும் நாயின் தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி வாய்க்குள் கைவிடுபவர், வைரஸ் கலந்த எச்சிலையே தொடுகிறார். நாய் உயிரோடிருக்கையில் நோயை ஐயமற நிறுவும் சோதனை இல்லாததால், இறந்த நாயின் தலை ஐஸில் பொதியப்பட்டுக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குச் செல்கிறது. 1903இல் இத்தாலியரான அடெல்கி நெக்ரி நரம்புக் கலங்களுக்குள் கண்ட துணிக்கைகளைத் தேடுவதே முன்பு வழக்கம், இன்று ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள் மூளைத் திசுவில் வைரஸைக் காட்டிக்கொடுக்கிறது.