உங்களுக்குத் தெரியுமா? ஐரோப்பிய மலைக்கு ஆப்பிரிக்கத் தலை!

சுவிட்சர்லாந்து-இத்தாலி எல்லையில் 4,478 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது மேட்டர்ஹார்ன். ஆல்ப்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் கூம்புச் சிகரம். ஆனால், அதன் உச்சிப் பாறைகள் ஐரோப்பாவுடையவை அல்ல. ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து வந்தவை!

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பாஞ்சியா என்ற பெருங்கண்டம் பிளக்கத் தொடங்கியது. இன்றைய ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே நிலம் இழுபட்டு மெலிந்தது; விரிசலில் கடல் புகுந்தது. ஜுராசிக் காலத்தில் எரிமலைக் குழம்பு கசிந்து அங்கே புதிய கடல்தளமே உருவாகிவிட்டது. பிறகு எல்லாம் தலைகீழ். ஆப்பிரிக்கா வடக்கே நகர, கடல்தளம் பூமிக்குள் அமிழ்ந்தது, கடல் சுருங்கி மறைந்தது, கரைகள் முட்டிக்கொண்டன.

இந்த நெருக்கலில் தென்கரைத் துண்டு ஒன்று கடல்தளத்தின் மேலேறி உட்கார்ந்துகொண்டது. அந்தத் தென்கரைப் பகுதியை அட்ரியா என்பார்கள். (அது தனிப் புவித்தட்டா, ஆப்பிரிக்கத் தட்டின் நீண்ட மூக்கா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.) அதனால்தான் மேட்டர்ஹார்னில் மூத்த பாறை மேலே, இளைய பாறை கீழே!

அடிவாரத்தில் ஸெர்மாட் ஊரைச் சுற்றிப் பச்சை நிறத்தில் கிடப்பது அந்தப் பழைய கடலின் தரை. இத்தாலியப் பக்கம் சின்யானா ஏரி அருகே அதே தரையின் பாறைகளில் கோயசைட் என்ற கனிமம் கிடைத்திருக்கிறது. கடும் அழுத்தத்தில் மட்டுமே பிறக்கும் கனிமம் இது. அப்படியென்றால், அந்தப் பாறைகள் ஏறக்குறைய 90 கி.மீ. ஆழம்வரை போய், மறுபடி மேலே வந்திருக்கின்றன.