பனிமலை தாண்டி மேய்ச்சலுக்குப் போகும் செம்மறிகள்

ஆஸ்திரியா நாட்டின் மேற்கே, ஆல்ப்ஸ் மலைத்தொடரில் அமைந்துள்ள மாநிலம் டைரோல். அங்குள்ள ஏட்ஸ் பள்ளத்தாக்கு சுமார் 65 கி.மீ. நீளமுள்ளது. அதன் மேல்கோடியில், ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் வென்ட் என்ற சிற்றூர் உள்ளது. கோடையில் இவ்வூரைச் சுற்றியுள்ள சரிவுகளில் ஆயிரக்கணக்கான செம்மறி ஆடுகள் மேய்வதைக் காணலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இவ்வூராருடையவை அல்ல. மலைக்கு அப்பால், இத்தாலியில் உள்ள ஷ்னால்ஸ், ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கு விவசாயிகளின் ஆடுகள் அவை.

அடுத்த நாட்டு ஆடு இங்கு வருவானேன்? காரணம் மழைதான். ஃபின்ஷ்காவைச் சுற்றிலும் உயர்ந்த மலைகள் மழை மேகங்களைத் தடுத்துவிடுவதால், அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மி.மீ. மழையே கிடைக்கிறது. அவ்வூர் விவசாயிகள் பனியாறு உருகிவரும் நீரை 'வால்' எனப்படும் சிறு வாய்க்கால்களில் மலைச்சரிவு வழியே கொண்டுவந்து, முறைவைத்துப் பாய்ச்சி வந்தனர். வாய்க்காலைக் காக்க ஓர் ஆள் உண்டு. அவருக்கு உதவியாக ஓர் எளிய கருவியும் உண்டு. நீர் ஓடும்போது சிறு சக்கரம் சுழன்று, சுத்தியலால் மணியை அடித்துக்கொண்டே இருக்கும். மணியோசை நின்றால் எங்கோ உடைப்பு அல்லது அடைப்பு என்று பொருள். செலவில்லாத காவல்காரன் என்றே சொல்லலாம்.

இப்படிப் பாடுபட்டு வளர்த்த புல்லைக் கோடையிலேயே ஆடுகள் தின்றுவிட்டால், பனி மூடும் மாதங்களுக்கு உலர்புல் மிஞ்சாது. வடபுறம் ஏட்ஸ் பள்ளத்தாக்கின் மேல்பகுதியிலோ பரந்த மேய்ச்சல் நிலம் உண்டு. ஆகவே பல நூற்றாண்டுகளாக ஆடுகள் மலை தாண்டுகின்றன. 1415-ஆம் ஆண்டிலேயே மேய்ச்சல் உரிமை பற்றி ஒப்பந்தம் எழுதப்பட்டுள்ளது. முதல் உலகப் போருக்குப்பின், 1919-இல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி தென் டைரோல் இத்தாலியைச் சேர்ந்தது. மலைமுகடு இரு நாடுகளின் எல்லையாயிற்று; மேய்ச்சல் உரிமை மட்டும் மாறவில்லை.

ஜூன் மாத நடுவில் பயணம் தொடங்கும். நீடர்யோக் கணவாயின் உயரம் 3,000 மீட்டருக்கும் சற்று அதிகம். ஜூனிலும் அங்கு பனி கிடக்கும். வெயில் ஏறினால் பனி இளகி ஆட்டின் கால் புதையும் என்பதால், இருட்டிலேயே புறப்படுகிறார்கள். ஆயர்கள் முன்னே நடந்து பனியை மிதித்துத் தடம் உண்டாக்க, மந்தை பின்தொடர்கிறது. நடக்க மாட்டாத இளங்குட்டிகளை முதுகுப் பையில் வைத்தோ தோளில் தூக்கியோ செல்கிறார்கள். திடீர்ப் பனிப்புயலில் சிக்கி ஆடுகள் மடிந்த ஆண்டுகளும் உண்டு.

கோடை முழுவதும் ஆடுகள் மலையில் பரவி மேய்கின்றன. ஆயர் சுற்றிவந்து, பாறைகளின் மேல் உப்பு வைக்கிறார். செம்மறிக்கு உப்பில் உள்ள ஆசையே மந்தையைக் கலையாமல் பிடித்து வைக்கும் கயிறு. செப்டம்பர் நடுவில் திரும்பி வந்ததும், காது வில்லையும் சாய அடையாளமும் பார்த்து அவரவர் ஆட்டைப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். அன்று ஊரே திருவிழாக் கோலம் பூணும்.

இவ்வழியை ஒட்டிய இடத்தில்தான் 1991-ஆம் ஆண்டு செப்டம்பரில், பனியில் உறைந்து சுமார் 5,300 ஆண்டுகள் கிடந்த மனித உடல் கண்டெடுக்கப்பட்டது. எல்லையை அளந்து பார்த்தபோது, இத்தாலிக்குள் 93 மீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. அம்மனிதரின் மேலங்கி செம்மறி, வெள்ளாட்டுத் தோல்களால் தைக்கப்பட்டது. அவர் ஆயராக இருந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதினர். வேறு சிலர் மறுக்கின்றனர்.

இம்மலைதாண்டும் வழக்கம் 2019-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பெருமைதான், ஆனால் பட்டியல் ஆட்டுக்குத் தீனி போடாது. கம்பளிக்கு இப்போது நல்ல விலை இல்லை. பல இடங்களில் மயிர் கத்தரிக்கும் கூலிக்கே அது கட்டுவதில்லை. இறைச்சி விற்பனையே முக்கிய வருவாய். முன்பு மந்தைகள் நடந்த பனியாறுகள் வெப்பம் மிகுந்து சுருங்கிவிட்டதால், பனி இருந்த இடத்தில் கல்லும் சரளையும் வெளிப்பட்டுள்ளன; தடத்தை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது.

இவற்றுடன் ஓநாயும் டைரோலுக்குத் திரும்பி வந்துள்ளது. பட்டி இல்லாமல் உயர்மலையில் சிதறி மேயும் ஆடுகளுக்கு வேலி போடுவது எளிதன்று. பாறைச் சரிவில் முளை இறங்காது. 2024 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், ஆஸ்திரியாவில் ஓநாய் வேட்டைக்கு உள்ள தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2025-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஓநாய்க்கான பாதுகாப்பை ஒரு படி தளர்த்தியது. இருந்தாலும், மலையில் விட்ட ஆடுகளில் எத்தனை திரும்பும் என்பது செப்டம்பரில் பிரித்து எண்ணும்போதுதான் உடையவருக்குத் தெரியும்.