பல்கலைக்கழக ஜெர்ஸி வீட்டில்தான் தயாராகிறது

பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அந்நியம் இல்லை. அதன் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் இங்கே வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறது. பஸ் ஏறினால் சிதம்பரம்; அதை ஒட்டி, 1929-ல் பிறந்த அண்ணாமலை நகர். "எம் பொண்ணு அங்கேதான் படிக்குது" என்று சொல்லும் தாய்மார்கள் இந்த ஊரில் நிறைய.

ஆனால், "எம் பொண்ணு யுனிவர்சிட்டிக்காக ஓடுது" என்று சொல்பவர்கள் எத்தனை பேர்?

உடற்கல்விக்கென்றே தனித் துறை உள்ள பல்கலைக்கழகம் அது. 2021-க்குப் பிறகு கடலூர், விழுப்புரம் பகுதிக் கல்லூரிகளும் அதோடு இணைக்கப்பட்டுவிட்டன. ஆகவே கடலூரில் படிக்கும் பெண்ணும் அண்ணாமலையின் ஜெர்ஸியைப் போடலாம்.

அந்த ஜெர்ஸி சும்மா கிடைப்பதில்லை. முதலில் கல்லூரி விளையாட்டு விழா, பிறகு கல்லூரிகளுக்கு இடையே போட்டி, அதிலிருந்து பல்கலைக்கழக அணி. கபடி, வாலிபால் போன்ற குழு ஆட்டமானால் தென்மண்டலப் போட்டியைத் தாண்டித்தான் அகில இந்தியப் போட்டி. நாட்டிலேயே விளையாட்டில் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை என்று 1956-57 முதல் ஒரு மரபே இருக்கிறது. 2020-ல் புவனேஸ்வரத்தில் 'கேலோ இந்தியா' பல்கலைக்கழக விளையாட்டுகளும் தொடங்கின.

ஓடிக் காட்டிய பெண்கள்

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் சிலர் களைத்துப் படுத்ததைப் பார்த்துவிட்டு, "பெண் உடம்பு இதைத் தாங்காது" என்று அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-ல்! ஆண்களும்தான் ஓடி முடித்துப் படுக்கிறார்கள். அதை யார் குறை சொன்னார்கள்?

நம் நாட்டில் 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றார் கமல்ஜித் சந்து. ஆசிய விளையாட்டில் தனிநபர் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண் தூத்தி சந்த், 2019-ல் இத்தாலியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார்.

மதுரைப் பக்கத்து ரேவதி வீரமணி கதை நம் நெஞ்சைத் தொடும். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். கூலி வேலை செய்து வளர்த்த பாட்டி, "பேத்திகளை வேலைக்கு அனுப்பு" என்ற உறவினர் பேச்சைக் கேட்கவில்லை. வெறுங்காலோடு ஓடிய பெண்ணை ஒரு பயிற்சியாளர் கண்டுகொண்டார். லேடி டோக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி ஓடினார்.

அவ்வளவு தூரம் ஏன்? கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடியவர். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர்.

பதின்மூன்று வயதில் நடப்பது

பள்ளி மைதானத்தில் பறந்து பறந்து ஓடிய பெண், பெரியவளானதும் நின்றுவிடுகிறாள். "வயசுக்கு வந்த புள்ளைக்கு மைதானத்துல என்ன வேலை?" என்று பாட்டி கேட்பார். "வெயில்ல கறுத்துடுவே" என்பாள் அத்தை. பதினெட்டு வயதில் கல்லூரி மைதானம் அழைக்கும்போது, நடுவில் போன ஐந்து வருஷத்தை எந்தப் பயிற்சியாளராலும் திருப்பித் தர முடியாது. பல்கலைக்கழக அணியின் முதல் தேர்வு நம் வீட்டு வாசலில்தான் நடக்கிறது, சகோதரிகளே!

தாய் கவனிக்க வேண்டியவை

* ரத்தசோகை: தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது உண்டு என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஓடும் பெண்ணுக்கு மூச்சு வாங்கினால் சோம்பல் என்று திட்டாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

* சாப்பாடு: முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, நெத்திலி, எள்ளுருண்டை. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். பயிற்சிக்கு வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள். ஒரு வாழைப்பழமாவது கொடுங்கள்.

* மாதவிலக்கு: அந்த நாட்களில் உடம்பு இடம் கொடுத்தால் ஓடலாம், தவறில்லை. கடும் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லாததும் காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

* உடை: இறுக்கமாகத் தாங்கும் உள்ளாடையும், அளவான ஷூவும் அவசியம். முழுக்கால் உடையும் தலைத்துணியும் அணிந்து சர்வதேசப் போட்டிகளில் ஓடுகிற பெண்கள் இருக்கிறார்கள். உடையைக் காரணம் காட்டி ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை.

* பாதுகாப்பு: யார் பயிற்சி தருகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவாள், வெளியூருக்கு யார் துணை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது தாயின் உரிமை. மைதானத்தில் யாராவது மனம் நோக நடந்தால், வீட்டில் வந்து சொல்லும் தைரியத்தை அவளுக்குக் கொடுங்கள். சொன்னால் ஓட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தால் அவள் சொல்லவே மாட்டாள்.

சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்

பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டியில் ஆடியதற்குத் தரும் சான்றிதழ் சுவரில் மாட்ட மட்டும் அல்ல. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் இதற்கென்றே 'படிவம் 3' என்று ஒரு தனிப் படிவம் இருக்கிறது. தமிழக அரசு வேலைகளிலும் சாதித்த வீரர், வீராங்கனைகளுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. நகையோடு சேர்த்து பீரோவில் வைக்க வேண்டிய காகிதம் அது.

எல்லாப் பெண்ணும் பதக்கம் வாங்கப் போவதில்லை. ஆனால் ஓடிப் பழகியவளுக்கு எலும்பு உரமாகும், தோற்றாலும் எழுந்து நிற்கப் பழகுவாள். நாளை காலை உங்கள் மகள் மைதானத்துக்குக் கிளம்பினால், "சீக்கிரம் வந்துடு" என்று மட்டும் சொல்லுங்கள். "போகாதே" என்று சொல்லாதீர்கள்.