சும்மாதான் கடிக்கிறேன்

தெருமுனையில் இரண்டு நாய்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒன்று சட்டென்று முன்னங்கால்களைத் தரையோடு நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்புறத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த நொடி இரண்டும் கட்டிப் புரள்கின்றன. கழுத்தைக் கவ்வுகின்றன, காதைக் கடிக்கின்றன, உறுமுகின்றன. வழியே போகிறவர் சண்டையென்று நினைத்து, குனிந்து கல்லைத் தேடுகிறார்.

சண்டை இல்லை. அந்தக் குனிதலுக்குத் தமிழில் பொருத்தமான ஒரு சொல் உண்டு: 'சும்மா'.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர் மார்க் பெக்காஃப், நாய், ஓநாய், கொயோட்டி ஆகியவற்றின் குட்டிகள் எப்படி விளையாடுகின்றன என்று நுணுகிப் பார்த்தவர். 1995-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இந்தக் குனிதலைப் பற்றியதுதான். ஆட்டத்துக்கு அழைக்க மட்டும் நாய் குனிவதில்லை, ஆட்டத்தின் நடுவிலும் குனிகிறது. அதுவும் கண்ட இடத்தில் அல்ல. பல்லால் கவ்வித் தலையை இடவலமாக உலுக்குவது, வேட்டையில் இரையைக் கொல்லும் முறை. விளையாட்டில் அப்படிக் கடித்தால் கூட்டாளி மிரண்டுவிடும் அல்லவா? அந்த மாதிரிக் கடிக்குச் சற்று முன்போ, கடித்த கையோடோதான் குனிதல் அதிகம் வந்தது. 'இப்போது கடித்தேனே, அது சும்மா' என்று சொல்லிவைப்பது போல.

சொன்னால் போதாது, கேட்பவர் பார்க்கவும் வேண்டும். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிரே இருக்கும் நாய் தன் பக்கம் பார்க்கும்போதுதான் பெரும்பாலும் இந்த அழைப்பு போகிறது. அது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் முதலில் ஓர் இடி, ஒரு குரைப்பு, அல்லது நேராகப் போய் முகத்துக்கு முன்னால் நிற்பது. கவனம் திரும்பிய பிறகே குனிதல். சில மனிதர்களிடம்கூட இந்த நாகரிகம் கிடையாது!

பெரிய நாய் குட்டியோடு ஆடும்போது தானாகவே மல்லாந்து படுத்துக்கொடுக்கும், கடியை மெதுவாக்கிக்கொள்ளும். தெருப் பிள்ளைகள் சின்னத் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டு, பிடிபட்டாலும் அவுட் இல்லை என்று விடுவார்களே, அந்தப் பெருந்தன்மை.

வாலை நம்பித்தான் நாம் ஏமாறுகிறோம். 'வாலாட்டுகிறது, கடிக்காது' என்று துணிந்து கை நீட்டியவர்கள் ஊசி போட்டுக்கொள்ள அலைந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. இத்தாலியில் பாரி நகர ஆய்வாளர்கள் 30 நாய்களின் வாலாட்டத்தைப் படமெடுத்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ப்பவரைக் கண்டதும் வால் வலப்பக்கம் அதிகம் சாய்ந்து ஆடியது. முன்பின் தெரியாத முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கம். நெருங்கத் தூண்டும் உணர்வுகளுக்கும் விலகத் தூண்டும் உணர்வுகளுக்கும் மூளையின் வெவ்வேறு பாதிகள் பொறுப்பு என்பது அவர்கள் தரும் விளக்கம். 2013-ல் அவர்களே இன்னொன்றும் காட்டினார்கள். இடப்பக்கம் ஆடும் வாலைப் படத்தில் பார்த்த நாய்களுக்கு இதயம் வேகமாகத் துடித்தது. நம் கண்ணுக்கு எளிதில் பிடிபடாத இந்தச் சாய்வை அவை படித்துவிடுகின்றன.

ஆட்டம் தொற்றவும் செய்யும். பலெர்மோவில் ஒரு பூங்காவில் நாய்களைக் கவனித்த எலிசபெத்தா பலாஜி குழு (2015), ஒரு நாய் குனிந்தாலோ, வாயை இளக்கித் திறந்தாலோ எதிரிலிருப்பதும் ஒரு நொடிக்குள் அதையே செய்வதைக் கண்டது. அப்படி நடந்த ஆட்டங்கள் நீண்ட நேரம் ஓடின.

மனிதர் குனிந்தால்? இங்கிலாந்தில் அதையும் சோதித்து 2001-ல் எழுதினார்கள். ஆட்கள் நாய் போலக் குனிந்து காட்டியபோது நாய்கள் கூடுதலாக ஆட வந்தன. கூடவே குரலிலும் உற்சாகம் காட்டினால் பலன் இன்னும் அதிகம். வீட்டு நாயிடம் செய்து பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே ஒரு பாய் போட்டுக்கொள்ளுங்கள், தெரு நாயிடம் மட்டும் வேண்டாம்.