மேல்மர நிழலும் கீழ்ப்பயிரும்

உயர்ந்த மரங்கள் கீழுள்ள செடிகளுக்கு நிழல் மட்டுமே தருகின்றன என்று எண்ணுவது சரியன்று. வெளிச்சம், உஷ்ணம், மழைநீர், மண்ணின் சத்து ஆகிய நான்கையும் அவை மாற்றிவிடுகின்றன. சேர்வராயன் மலையில் 1820-களில் தொடங்கிய காப்பிச் சாகுபடி இதற்குத் தக்க உதாரணமாகும். அராபிகாக் காப்பி எத்தியோப்பிய மலைக்காடுகளில் பெருமரங்களின் கீழ் வளர்ந்த செடி. ஆகவே அளவான நிழல் அதற்கு இயல்பே.

வெளிச்சம்: அடர்ந்த மழைக்காட்டில் தரையை அடையும் வெளிச்சம், உச்சியில் விழுவதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கேயாகும். சிவப்பு, நீல ஒளியின் பெரும்பகுதியை மேலிலைகள் கவர்ந்துகொள்வதால் கீழ்ச்செடிகள் பல மெலிந்து நெடிதாக வளரும். காப்பியும் மிதமிஞ்சிய நிழலில் பூக் குறைந்து மகசூல் குன்றும்.

உஷ்ணமும் ஈரமும்: நிழலில் பகல் வெப்பம் தணியும், இரவுக் குளிரும் மட்டுப்படும். வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு வெயில் படும் செடிகளையே அதிகம் நாடி முட்டையிடும். ஆனால் மழைக்காலத்தில் காற்றோட்டமற்ற அடர்நிழல் கருப்பழுகல் நோய்க்கு இடங்கொடுக்கும்.

சருகு: உயர்ந்த கிளைகளின் இலைநுனியில் திரண்டு சொட்டும் நீர்த்துளி மழைத்துளியினும் பெரிதாக இருக்கக்கூடும்; வெறுந்தரையில் விழின் மண்ணைக் கரைக்கும். அங்கே மண்ணைக் காப்பது தரையில் படிந்த சருகே. அது மக்கி எருவுமாகிறது. சருகைக் கூட்டி எரிப்பது நிலத்தின் முதலையே அழிப்பதாகும்.

வேர்: மரவேர்கள் பயிருடன் ஈரத்திற்குப் போட்டியிடுவதுண்டு. முள்முருங்கையோ வேர்முடிச்சுகளின் வாயிலாகக் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணிற் சேர்க்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மிளகுக்கொடி ஏறவும் தடிமர விற்பனைக்கும் உதவும்; ஆயினும் அவரையினத்தைச் சேராத அம்மரத்திற்கு இந்தக் குணமில்லை. எனவே பலா, அத்தி முதலிய நாட்டு மரங்களை நீக்கி அதனை மட்டும் நடுவதில், மரத்தின் விலையை மாத்திரம் கணக்கிடலாகாது.

செய்யத்தக்கவை: மேலடுக்கில் நாட்டு மரங்களும் கீழடுக்கில் முள்முருங்கையும் இருத்தல் நலம். தென்மேற்குப் பருவமழைக்கு முன் முள்முருங்கைக் கிளைகளைக் கழித்து, தழையைச் செடியடியில் பரப்புக. கோடைக்குள் அது மீண்டும் தழைத்து நிழல் தரும். மேல்மரங்களை ஒரேயடியாக வெட்டுதல் கூடாது. வெட்டிய நிழலை மீண்டும் பெறப் பல்லாண்டு செல்லும். மேலும், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைக்கிராமங்களில் மரம் வெட்ட முன் அனுமதி வேண்டும் என்பதைக் கிராம அதிகாரிகள் நிலச்சொந்தக்காரர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.